மழையில் ஒழுகாத கூரை, பிரேக் பிடித்தால் கொட்டுகிறது: ஓட்டை எங்கே?

பழைய சக்கரம்:
வணக்கம். என்னுடையது 1990களின் நடுவில் தயாரான மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி. மரச் சட்டம், பக்கங்களில் அலுமினியத் தகடு, மேலே இபிடிஎம் ரப்பர் விரிப்பு. கூரை நடுவில் ஏசி இருக்கிறது. அடுப்புக்கு மேல் ஒன்றும் கழிவறைக்கு மேல் ஒன்றுமாக இரண்டு காற்றுத்துவாரங்கள் உண்டு.

இரவு முழுக்க மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு விழுவதில்லை. காலையில் வண்டியை எடுத்து முதல் பிரேக் பிடித்ததும் ஏசியின் உள்மூடி வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டுகிறது. அதற்குப் பிறகு அடுத்த மழை வரை ஒன்றுமில்லை. இது தவிர, பின்பக்க வலது மூலையில் மேல் அலமாரிக்குள் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் விரலால் அழுத்தினால் பலகை உள்வாங்குகிறது.

முன்பு வைத்திருந்தவர் சிலிக்கோன் குழாயைக் கையில் எடுத்தால் கீழே வைக்கமாட்டார் போலிருக்கிறது. விளிம்பு, மூலை, திருகுத் தலை என எதையும் விடவில்லை. கூரை முழுக்கத் திரவ ரப்பர் பூச்சு அடித்துவிட்டால் இரண்டு ஒழுகலும் தீருமா?

மேல்தளம்:
தாராளமாக அடியுங்கள். என் வண்டிக்கு அடித்தேன், ஒழுகல் நின்றது. ஒரு பகல் வேலை.

உளியும் சுத்தியலும்:
மேல்தளம் நண்பர் மன்னிக்க வேண்டும், நான் மறுக்கிறேன். மூலையில் பலகை உள்வாங்குகிறது என்றால் தண்ணீர் ஏற்கெனவே மரத்துக்குள் இருக்கிறது. மேலே மூடிவிட்டால் அது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அழுகும். இன்னொன்று, சிலிக்கோன் மேல் எந்தப் பூச்சும் பிடிக்காது. புதிய சிலிக்கோன்கூடப் பழைய சிலிக்கோன் மேல் சரியாக ஒட்டாது. கூரை நல்ல நிலையில் இருந்து, இணைப்புகளையும் சரிசெய்த பிறகு, வெயிலிலிருந்து ரப்பரைக் காக்கப் பூச்சு அடிப்பது வேறு விஷயம். ஒழுகலைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பூச்சிடம் ஒப்படைக்க முடியாது.

சக்கரம், மூன்று கேள்விகள். மழையில்லாத நாளில் ஏசியை மணிக்கணக்கில் ஓட்டினால் சொட்டுகிறதா? மழைக்குப் பின் மேலே ஏறிப் பார்த்தால் ஏசியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கிறதா? உள்மூடியைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஏறும்போது வெறும் காலடி வைக்காமல் ஒரு பலகையைக் குறுக்குச் சட்டங்கள் மேல் போட்டு, அதில் மண்டியிட்டு நகருங்கள். மெத்தென்று இருக்கும் இடத்தில் எடையைப் போடாதீர்கள்.

பழைய சக்கரம்:
மழையில்லாத நாளில் ஏசி ஓடும்போது சொட்டவில்லை. மழைக்குப் பின் ஏசியைச் சுற்றிக் குளம் கட்டுகிறது. கூரையே அங்கே கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. உள்மூடியை இன்னும் கழற்றவில்லை.

உளியும் சுத்தியலும்:
அப்படியானால் பாதி விடை வந்துவிட்டது. ஏசி ஓடும்போது சொட்டியிருந்தால் குளிர்ச்சியால் படியும் நீர் வெளியேறும் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு மழைக்குப் பிறகு மட்டும்தான் வருகிறது. எனவே சந்தேகம் கேஸ்கட் மேல், அதாவது ஏசிக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் அடைப்பு வளையத்தின் மேல்.

இந்த வகை ஏசி 35 முதல் 50 கிலோ வரை எடையுள்ளது. பல ஆண்டுகள் அந்தச் சுமையைத் தாங்கிய கூரை நடுவில் தொய்கிறது, தொய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது. பெரும்பாலான வண்டிகளில் ஏசிக்கான திறப்பு 14 அங்குலச் சதுரம். அதன் விளிம்பைச் சுற்றி நுரை கேஸ்கட் ஒன்றுதான் காவல். அது நசுங்கித் தட்டையானதும் ஓரிடத்தில் மெல்லிய இடைவெளி விழும். வண்டி நிற்கும்போது தேங்கிய நீரின் மட்டம் அந்த இடைவெளிக்குச் சற்றுக் கீழே இருப்பதால் உள்ளே வராது. பிரேக் பிடித்தால் குளம் முழுவதும் முன்னோக்கி அலைந்து உள்ளே விழுகிறது.

உள்மூடியைக் கழற்றினால் ஏசியைக் கூரையோடு இறுக்கிப் பிடிக்கும் நான்கு நீளமான போல்ட்டுகள் தெரியும். அதற்குமுன் மின் இணைப்பை முழுவதும் துண்டியுங்கள், ஜெனரேட்டர் உட்பட. போல்ட்டு தளர்ந்திருந்தால் கையால் திருகினாலே சுற்றும்.

திருகாணி:
ஒரு வார்த்தை. தளர்ந்திருக்கிறது என்று கண்டதும் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிடாதீர்கள். புதிய கேஸ்கட் ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமன் இருக்கும். அரை அங்குலமாக அழுந்தும் வரை நான்கு போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினால் போதும். அதற்கு மேல் போனால் ஏசியின் அடித்தட்டு வளையும், கேஸ்கட்டும் சீக்கிரம் உயிரை விடும். பழைய கேஸ்கட்டை மறுபடி இறுக்கினால் ஒரு பருவம் தாக்குப்பிடிக்கலாம். எப்படியும் இறக்கப்போகிறீர்கள் என்றால் மாற்றிவிடுங்கள்.

ஏசியைச் சுற்றி வெளியே சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) பூசும் ஆசையும் வரும். கூடாது. குளிர்ச்சியால் படியும் நீர் ஏசியின் அடிப்பகுதி வழியாகத்தான் கூரைக்கு வடிய வேண்டும். வெளிவட்டத்தை அடைத்தால் அந்தத் தண்ணீரும் உங்கள் தலையில்தான் விழும்.

பழைய சக்கரம்:
உள்மூடி கழற்றியாகிவிட்டது. நான்கில் இரண்டு போல்ட்டுகள் விரலுக்கே சுற்றுகின்றன. கேஸ்கட்டின் முன்பக்கம் காகிதம்போல் தட்டையாகிவிட்டது. புதியது வாங்குகிறேன். தொய்வை என்ன செய்வது? பின்மூலைக் கறையும் இதே தண்ணீர்தானா?

உளியும் சுத்தியலும்:
பின்மூலை இதுவாக இருக்க வாய்ப்பு குறைவு. குளம் முன்னே அலைகிறது, கறை பின்னே இருக்கிறது. ஆனாலும் கூரைக்குள் தண்ணீர் சட்டத்தின் மேல் நெடுந்தூரம் ஓடும், ஆகவே ஊகத்தில் விடாமல் சோதித்துவிடுங்கள்.

தொய்வுக்கு: ஏசியை இறக்கியிருக்கும்போது திறப்பின் இருபக்கக் குறுக்குச் சட்டங்களையும் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால், உள்ளிருந்து தூண் கொடுத்து மெல்ல உயர்த்தி, சட்டத்தோடு புதிய பட்டை ஒன்றை ஒட்டித் திருகலாம். அழுகியிருந்தால் வெட்டி மாற்றுவதுதான் வழி. ஏசியைத் தனியாளாக இறக்க முயலவேண்டாம்.

மூலைக்குக் காற்றழுத்தச் சோதனை செய்யுங்கள். முதலில் அடுப்பு, வாட்டர் ஹீட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றிலும் சுடரை அணைத்து சிலிண்டர் வால்வை மூடுங்கள். கழிவுநீர்க் குழாய் வளைவுகளில் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லையென்றால் காற்று அவ்வழியே ஓடிவிடும். ஜன்னல், கதவு, ஒரு துவாரம் எல்லாம் மூடி, மற்றொரு துவாரத்தில் மின்விசிறியை உள்ளே ஊதும்படி வைத்து, சுற்று இடைவெளியை அட்டையும் டேப்பும் கொண்டு அடையுங்கள். இலேசான அழுத்தம் போதும். பிறகு வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளித்து வாருங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. மழைக்காகக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பழைய சக்கரம்:
குமிழி அலமாரிக்கு மேலே வரவில்லை! அதிலிருந்து ஏறத்தாழ ஒரு கை நீளம் முன்னே, கூரையும் பக்கச் சுவரும் சேரும் அலுமினிய விளிம்புப்பட்டையில் வந்தது. திருகுகளை மறைக்கும் வினைல் பட்டையை உரித்துப் பார்த்தால் திருகுகள் துருப்பிடித்திருக்கின்றன; ஒன்று தலையே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வெளியே பூசிய சிலிக்கோன் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

திருகாணி:
அதுதான் சிலிக்கோனின் குணம். அடியில் திருகு உளுத்துப்போகும், மேலே முகம் மாறாது.

அலுமினியப் பட்டை முழுவதையும் கழற்றுங்கள், குமிழி வந்த இடத்தை மட்டுமல்ல. பழைய பிசினையும் சிலிக்கோனையும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பெட்ரோல், டர்பன்டைன் வகைக் கரைப்பான்களை இபிடிஎம் மேல் படவிடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். கடைசித் துடைப்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். பட்டைக்கு அடியில் புதிய பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் அடைப்பு நாடா) ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் இறுக்குங்கள். பழைய துளையில் பிடி இல்லாவிட்டால், மரக்குச்சியைப் பசை தடவி அடித்து நிரப்பிவிட்டுத் திருகலாம். ஓரத்தில் டேப் பிதுங்கி வரவேண்டும், வராத இடத்தில் அடைப்பு இல்லை. ஒருநாள் விட்டு மறுபடி இறுக்கிவிட்டுப் பிதுங்கலை நறுக்குங்கள்.

அதன்மேல் சீலன்ட் வாங்கும்போது கவனம்: கூரையின் மட்டமான பகுதிக்குத் தானாகப் பரவும் வகை, சரிவிலும் சுவரிலும் வழியாத வகை. இரண்டுமே இபிடிஎம்முக்கு ஏற்றது என்று குழாயில் எழுதியிருக்க வேண்டும்.

மேல்தளம்:
பூச்சு பற்றி நான் சொன்னதை இந்த வண்டிக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் கூரையில் அழுகல் இல்லை, வெறும் வெடிப்புதான் இருந்தது. வேலை எல்லாம் முடிந்த பிறகு அடியுங்கள்.

பழைய சக்கரம்:
ஏசி புதிய கேஸ்கட்டோடு உட்கார்ந்துவிட்டது. மழைக்கு மறுநாள் வேண்டுமென்றே கடுமையாகப் பிரேக் பிடித்தேன், உள்ளே வறண்டிருக்கிறது. விளிம்புப்பட்டையும் மாட்டியாகிவிட்டது. அலமாரிக்குப் பின் பலகையைக் கழற்றியிருக்கிறேன். ஈரமானி சட்டத்தில் 24 சதவீதம் காட்டுகிறது. மென்மையான மரத்தில் ஊறி அதை இறுக்கும் எபாக்ஸிப் பிசினை இப்போதே ஊற்றிப் பலகையை மூடலாமா?

உளியும் சுத்தியலும்:
வேண்டாம். ஈரமரத்தில் எபாக்ஸி ஊறாது. 20க்கு மேல் இருக்கும்வரை பூஞ்சைக்கு இடம் உண்டு. 15க்குக் கீழே இறங்கும் வரை திறந்தே வைத்து, மின்விசிறி ஓடவிடுங்கள். நல்ல மரமும் அழுகிய மரமும் சேரும் இடத்தில் கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். மேற்பரப்பு மட்டும் மென்மை என்றால் எபாக்ஸி. ஊசி ஆழமாக இறங்கினால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதிய மரம் சேருங்கள். அலமாரி அந்தச் சட்டத்தில்தான் தொங்குகிறது.

பழைய சக்கரம்:
ஊசி ஒரு சாண் நீளத்துக்கு வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது. அப்படியானால் வெட்டுதான். அலமாரியை இன்றே இறக்கிவிடுகிறேன்.