புதுப்பிப்பு: லித்தோப்ஸ் நாற்றுகள் சாய்ந்து விழுந்த விஷயம்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பிறகு தேடி வருபவர்களுக்காக: கூழாங்கல் போலத் தோன்றும் சதைப்பற்றுச் செடியான லித்தோப்ஸில் ஆப்டிகா ‘ரூப்ரா’, லெஸ்லியி ‘அல்பினிகா’ என்ற இரண்டு வகைகளை விதைத்தேன், முளைத்த இரண்டாம் வாரத்தில் நாற்றுகள் அடி கருத்துச் சாய்கின்றன என்று கேட்டிருந்தேன்.

பூஞ்சைமருந்து தெளித்ததில் பெரிதாகப் பலனில்லை. முளைத்ததும் விதைத்தொட்டியின் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்று விடச் சொன்னார் ஒருவர், அதுதான் வேலை செய்தது. ஈரம் போய்விடுமே என்று பயந்து நான் மூடியே வைத்திருந்தேன், தப்பு அங்கேதான். இந்த முறை தினமும் திறக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய் பத்தாம் நாள் மூடியை எடுத்துவிட்டேன், தண்ணீரையும் தட்டில் விட்டு அடியிலிருந்து உறிஞ்ச வைத்தேன், லேசாகச் சாய்ந்தவற்றுக்கு ஊசிமுனையால் பொடிக்கல் தள்ளி முட்டுக்கொடுத்தேன். முளைத்த 31-இல் 26 நிற்கின்றன.

எதிர்பாராத ஒன்று: ரூப்ராவில் நான்கு மட்டும் சாம்பல் நிறம், மற்றவை குண்டூசித் தலை அளவிலேயே திராட்சைச் சிவப்பு. லித்தோப்ஸ் பொதுவாகத் தன் மகரந்தத்தில் காய்க்காது, இரண்டு செடி வேண்டும், அதனால் விதை எடுத்த இடத்தில் சாம்பல் நிறச் சாதாரண ஆப்டிகாவின் மகரந்தம் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன். அல்பினிகா எல்லாமே மஞ்சள்பச்சைதான். சாம்பல் நான்கையும் தூக்கிப்போட மனமில்லை, தனித்தொட்டிக்கு மாற்றப்போகிறேன்.