புதுப்பிப்பு: வைஃபை டிரைவர் தானாக ஏறாத சிக்கல் தீர்ந்தது

லினக்ஸில் ஒவ்வொரு முறை பூட் ஆன பிறகும் மோட்ப்ரோப் கட்டளையை (டிரைவர் மாட்யூலைக் கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், ஏற்றும் கட்டளை) நானே கொடுத்தால்தான் வைஃபை வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, காரணம் கிடைத்துவிட்டது. தப்பு என் மேல்தான்.

கணினியில் உள்ள பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' விருப்பத்தோடு ஓட்டியபோது கார்டும் தெரிந்தது, அதற்கான மாட்யூல் பெயரும் தெரிந்தது, ஆனால் எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் வரி மட்டும் இல்லை. சரி, கர்னல் சாதனத்தைப் பார்த்துவிட்டது, நடுவில் யாரோ மறிக்கிறார்கள். சாதனம் தெரிந்ததும் கர்னல் அதன் அடையாளத்தை மோட்அலியாஸ் என்ற சரமாக அனுப்பும், சாதனங்களைக் கவனிக்கும் பின்னணி நிரலான யூடெவ் அதை வாங்கிப் பொருத்தமான மாட்யூலைத் தேடி ஏற்றும். ஒரு மாட்யூலைத் தானாக ஏற்றாதே என்று சொல்லும் பிளாக்லிஸ்ட் வரி இருந்தால், இப்படித் தானாக ஏறுவதைத்தான் அது தடுக்கும். மோட்ப்ரோப்பில் பெயர் சொல்லி நாமே ஏற்றினால் பேசாமல் ஏறிவிடும். இதுதான் என்னை இவ்வளவு நாள் குழப்பியது.

மோட்ப்ரோப்பின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் மோட்ப்ரோப் டாட் டி கோப்புறையைத் திறந்தால், எப்போதோ வேறு டிரைவரைச் சோதிக்க நானே எழுதிய ஒற்றை பிளாக்லிஸ்ட் வரிக் கோப்பு அங்கே உட்கார்ந்திருக்கிறது! நீக்கினேன், பூட் தொடக்கத்தில் பயன்படும் தற்காலிகக் கோப்பு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் ஒரு நகல் இருக்கலாம் என்று அதையும் புதிதாக உருவாக்கினேன், ரீபூட் செய்தேன், வந்துவிட்டது.

பூட்டின்போது ஏற்ற வேண்டிய மாட்யூல்களைப் பட்டியலிடும் மாட்யூல்ஸ் லோட் டாட் டி-யில் பெயரைச் சேர்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் சிஸ்டம்டி அந்தப் பட்டியலை ஏற்றும்போதும் பிளாக்லிஸ்ட்டை மதிக்கும், அதனால் அந்தப் பழைய கோப்பு இருக்கும்வரை அது வேலை செய்திருக்காது.