வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு வாரம் பாய்மரப் படகில்: யோசனை தேவை

காரைக்குடிக்காரர் கேட்டது:

வருகிற தை மாதம் பிள்ளைகளை மலேசியாவின் லங்காவித் தீவுகளுக்கு அழைத்துச் சென்று, ஒரு வாரம் பாய்மரப் படகிலேயே தங்கலாம் என்று நானும் மனைவியும் எண்ணியிருக்கிறோம். மகனும் மருமகளும் சிங்கப்பூரிலிருந்தும், மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்தும் வருவார்கள். திருமணமாகாத இளையவன் எங்களோடு திருச்சியில் விமானம் ஏறுவான். நான்கு அறைகள் உள்ள கேட்டமரன் (இரட்டை உடல் கொண்ட படகு) ஒன்றைக் கேப்டனோடு சேர்த்துப் பேசியிருக்கிறேன். செலவு முழுவதும் என்னுடையது. முப்பது வயதைத் தாண்டிய பிள்ளைகள் ஊருக்கு வந்தாலே மூன்றாம் நாள் முகம் மாறிவிடுகிறது. அப்படியிருக்க, எழுந்து போக இடமில்லாத படகில் எப்படி ஒத்துப்போவது, யார் சமைப்பது, மாப்பிள்ளையை எப்படிக் கவனிப்பது என்பதுதான் என் குழப்பம். மனைவிக்குப் பேருந்தில் போனாலே தலைசுற்றும்.

தேவகோட்டை அண்ணன்:

முதலில் கேப்டன் எங்கே படுப்பார் என்று கேளுங்கள். உங்கள் கணக்கில் நான்கு அறைகளும் நிரம்பிவிட்டன. சில கேட்டமரன்களில் முன்மூக்குப் பகுதியில், மேல்தளத்து மூடியைத் திறந்து இறங்கும்படி ஒரு சிறு படுக்கை இருக்கும். அது இல்லாவிட்டால் கேப்டனுக்கு ஓர் அறையைக் கொடுத்துவிட்டு இளையவர் நடுக்கூடத்து இருக்கையில் படுக்க வேண்டியிருக்கும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

காலம் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். தை மாதத்தில் வடகிழக்குக் காற்றை மலாயாத் தீபகற்பம் மறைத்துக்கொள்வதால் லங்காவிப் பக்கம் கடல் அடங்கியிருக்கும். அதே நேரம் கிழக்குக் கரையில் ரெடாங், தியோமான் தீவுகள் பக்கம் கொந்தளிக்கும்.

சண்டை மூளும் இடம் தண்ணீர். நாற்பது அடிக்கு மேற்பட்ட படகிலும் நன்னீர்த் தொட்டி பெரும்பாலும் 600 முதல் 800 லிட்டர் வரைதான் பிடிக்கும். எட்டுப் பேரும் வீட்டில் குளிப்பதுபோலக் குளித்தால் இரண்டு நாளில் வற்றிவிடும். கடலில் முங்கிவிட்டு, பின்படிக்கட்டில் உள்ள கைக்குழாயில் உப்புப் போக ஒரு சொம்பளவு ஊற்றிக்கொள்வதே படகு வழக்கம். கழிப்பறைக் குழாயும் குறுகலானது. காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். இவற்றை அப்பச்சியான நீங்கள், அதாவது அப்பா, சொன்னால் அறிவுரை ஆகிவிடும். முதல் மாலையே கேப்டன் எல்லோருக்கும் சொல்லிவிடட்டும்.

பள்ளத்தூர் ஆச்சி:

அண்ணே, நம் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணமான பிறகு, ஒரே வளவுக்குள் (வீட்டுக்குள்) தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து வேறு வைப்பார்கள் அல்லவா? படகுக்கும் அந்த ஏற்பாடுதான் பொருந்தும். அடுப்பு ஒன்றாக இருந்தாலும் நாளைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்: ஒரு நாள் இராச்சாப்பாடு மகன் வீட்டார், மறுநாள் மகள் வீட்டார், இடையில் ஒருநாள் கரையிறங்கிக் கடையில். அவரவர் நாளில் அவரவர் வைத்ததுதான் சாப்பாடு. ரொட்டியை நீட்டினாலும் உங்கள் வீட்டு ஆச்சி குறை சொல்லக் கூடாது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஒரு தூக்கு நிறையத் தேன்குழலும் சீப்புச்சீடையும் இருந்தால் காலைக்கும் மாலைக்கும் கவலையில்லை. பச்சைக் காய்கறிகளை லங்காவியின் குவா நகரத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையை உட்காரவைத்து உபசரிக்காதீர்கள். எல்லோரும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் தட்டேந்திச் சும்மா இருந்தால் இரண்டாம் நாளே சலித்துப்போவார். நங்கூரம் இறக்குவதோ தூண்டில் போடுவதோ ஒரு வேலையைக் கேப்டனிடம் சொல்லி அவருக்கு வாங்கிக் கொடுங்கள்.

தலைசுற்றலுக்கான மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. தூக்கம் வரவழைக்கும் மருந்து என்பதால், மற்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவராக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். ஓடும்போது கீழே அறைக்குள் போகாமல், படகின் நடுப்பகுதியில் காற்றுப்பட உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது. முதல் இரவு துறையிலேயே கட்டிக்கிடந்துவிட்டு, மறுநாள் காலையில் கிளம்புங்கள்.

புதுவயல் தம்பி:

பிள்ளைகள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. செலவு உங்களுடையது என்பதற்காகத் தினமும் எங்கே போவது என்பதையும் நீங்களே முடிவுசெய்தால் எங்களுக்குப் பள்ளிச் சுற்றுலா ஞாபகம் வந்துவிடும். தாயாங் புந்திங் நன்னீர் ஏரி, கிலிம் சதுப்புநிலக் காடு என்று ஆளுக்கொரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து முடியும், முடியாது என்று சொல்வது கேப்டன் பாடு. வாரத்தின் நடுவில் ஒரு அரைநாள் இளையவர்களைச் சிறுபடகில் கரையில் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்குங்கள்.

லங்காவி 1987 முதல் தீர்வையில்லாத் தீவு, மதுவும் அங்கே மலிவு. அந்திக்குப் பிறகு யாராவது ஒரு பீரைத் திறந்தால், நீங்கள் படகின் முன்பக்கம் கட்டியிருக்கும் வலையில் போய்ச் சாய்ந்துகொண்டு நட்சத்திரம் பார்க்கலாம். திரும்பிப் பார்க்காமல் இருப்பதே பெரிய உபசாரம்.

காரைக்குடிக்காரர்:

மூவருக்கும் நன்றி. கேப்டன் படுக்கையைப் பற்றி இன்றே கேட்டு எழுதியிருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய், நகரத்தார் வெள்ளிரதத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது என் ஆசை. அதைப் படகு நாள்களோடு சேர்க்காமல், விருப்பமுள்ளவர்கள் மட்டும் எங்களோடு வரலாம் என்று சொல்லிவிட்டேன். இளையவன் வருகிறானாம்.