கழற்றி மாட்டும் பல்செட் வாயில் எப்படி நிற்கிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

எனக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. முதலில் போட்டது கம்பி வைத்த அக்ரிலிக் செட். மெல்லும்போது பின்பக்கம் ஈறில் அமுங்கும். ஒட்டுகிற பதத்தில் எதையாவது மென்றால் பின்பக்கம் எழும்பும். ஈறு புண்ணாகிவிட்டது.

அப்புறம் பார்த்த மருத்துவர் கோபால்ட்-குரோமியம் என்ற உலோகக் கலவையில் சட்டகம் வைத்த செட் செய்துகொடுத்தார். கம்பி மாட்டவேண்டிய பல்லை அவர் கண்ணாடியில் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. பல் நடுவில் பருத்து, ஈறை நெருங்க நெருங்க உள்வாங்குகிறது. பல்லைப் பிடிக்கும் கம்பிக் கொக்கியின் நுனி மட்டும் அந்த உள்வாங்கிய இடத்துக்குள் போகிறது. ஆழம் வெறும் 0.25 மில்லிமீட்டர்! மாட்டும்போது நுனி பருத்த இடத்தைத் தாண்ட லேசாக விரியும், தாண்டியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். உட்கார்ந்த பிறகு அது பல்லை அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாதாம். கழற்ற இழுக்கும்போதுதான் பிடி காட்டவேண்டும். பல்லின் மறுபக்கம் வளையாத இன்னொரு கை இருக்கிறது. கொக்கி தள்ளும்போது பல் சாயாமல் தாங்குவது அதுதான்.

என் பழைய செட்டில் இல்லாதது ரெஸ்ட். பல்லின் மேற்பரப்பில் சின்னதாகக் குழி எடுத்து, அதில் உலோக நாக்கு ஒன்றை உட்கார வைக்கிறார்கள். மெல்லும் பாரம் பல்லுக்கும் போகிறது, ஈறு மட்டுமே சுமப்பதில்லை. பின்பக்கம் தூக்குவதைத் தடுக்க முன்னால் தள்ளி இன்னொரு ரெஸ்ட். நல்ல பல்லில் குழியா என்று தயங்குகிறவர்களுக்கு: எனக்கு அதற்கு மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படவில்லை.

பதில்: பல் லேபில் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொன்ன 0.25 வார்ப்பு உலோகக் கொக்கிக்கு. வளைத்துச் செய்யும் கம்பி அதிகம் நெகிழும், அதனால் 0.5 வரை உள்ளே விடலாம். உங்கள் பற்களை அச்செடுத்துச் செய்த மாதிரியை, பல் எங்கே பருத்திருக்கிறது என்று காட்டும் சர்வேயர் கருவியில் வைத்து, எந்தத் திசையில் செட் இறங்கவேண்டும் என்று முதலில் முடிவுசெய்வோம். பல்லின் பருத்த கோட்டை அப்புறம் பென்சில் முனையால் வரைவோம். இந்த வேலையை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்துக் கொக்கி வைத்தால், செட் ஒன்று உட்காராது, இல்லை சீக்கிரம் ஆடும்.

பதில்: அம்மாவுக்குக் கம்பி தெரியவே கூடாது. அதனால் நைலான் செட் போட்டோம்; ஈறு நிறத்திலேயே கொக்கி, பார்த்தால் தெரியாது. ஆனால் அதில் ரெஸ்ட் கிடையாது, தளர்ந்தபோது சரிசெய்வதும் சுலபமாக இல்லை. ஒன்றிரண்டு பல் மட்டும் இல்லாதவர்களுக்குச் சரி. பின்வரிசையே காலி என்றால் நான் சொல்லமாட்டேன்.

பதில்: எந்த செட் ஆனாலும் கொக்கி பிடிக்கிற பல்லைக் கவனியுங்கள். அழுக்கு சேர்வது அங்கேதான். என் அப்பாவுக்குச் சொத்தை வந்ததும் அந்தப் பல்லில்தான், பிடியே போய்விட்டது. இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். மாட்டும்போது விரலால் அழுத்துங்கள், கடித்து உட்கார வைக்காதீர்கள், கொக்கி வளைந்துவிடும். தளர்ந்தால் வீட்டில் குறடு எடுக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வார்ப்பு உலோகம் முறிந்தால் அதே கொக்கியைத் திரும்பப் பெற முடியாது.