பாலியல்மயமாக்கமா, பாலியலேற்றமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

திரைப்படங்களில் குழந்தைகளைக் காமப் பார்வைக்கு உரியவர்களாகக் காட்டுவதை ஆங்கிலத்தில் sexualization என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் 'பாலியல்மயமாக்கம்' வந்திருக்கிறது. உலகமயமாக்கம், தாராளமயமாக்கம் என்று பழகிய அச்சுதான். ஆனால் 'மயம்' என்றால் எங்கும் நிறைந்திருப்பது. ஊரே புகைமயம் என்றால், மூட்டியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. நமக்கோ அந்தக் கேள்விதான் முக்கியம்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2007இல் வெளியிட்ட அறிக்கை sexualization என்பதற்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது. நான்காவது, ஒருவர்மேல் பாலியல் தன்மையைத் தகாதவாறு சுமத்துவது. குழந்தைகள் விஷயத்தில் மிகவும் பொருந்துவதும் இதுதான்.

ஆகவே என் பரிந்துரை 'பாலியலேற்றம்'. தற்குறிப்பேற்ற அணியை நினைத்துப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் இயல்பாக அசைகின்றன. அவை கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டித் தடுப்பதாகச் சொல்வது கவிஞர் ஏற்றிய குறிப்பு. கொடிக்கு அதில் பங்கில்லை. குழந்தையும் அப்படித்தான், அது ஆடுகிறது, அவ்வளவே. கேமரா எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, படத்தொகுப்பில் எது மிஞ்சுகிறது என்பதில்தான் ஏற்றம் நடக்கிறது.

'பாலியல் திணிப்பு' என்றும் யோசித்தேன். அது நேரடி வன்முறையைச் சுட்டிவிடும். 'பாலேற்றம்' சுருக்கம்தான், ஆனால் பால்வண்டி நினைவுக்கு வருகிறது!

இன்னொன்று. பாலியலேற்றத்தைக் காட்டும் படம் வேறு, அதைச் செய்யும் படம் வேறு. 2020இல் நெட்பிளிக்ஸ் ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு வெளியிட்ட சுவரொட்டிக்காக மன்னிப்புக் கேட்டு அதை மாற்றியது. சிறுமிகள்மேல் நடக்கும் பாலியலேற்றத்தைக் கண்டிக்கவே படம் எடுத்ததாக இயக்குநர் சொன்னார். கண்டிக்கும் சாக்கில் கேமராவும் அதையே செய்கிறது என்றார்கள் எதிர்த்தவர்கள். கதை நோக்கம் நல்லதென்று நான் ஏற்கிறேன். ஆனால் பாத்திரம்தான் கற்பனை, நடிக்கும் குழந்தை கற்பனையல்ல. 'பாலியலேற்றம் பற்றிய படம்', 'சிறுமியின்மேல் பாலியலேற்றம் செய்யும் காட்சி' என்று பிரித்து எழுத இந்தச் சொல் இடம் தருகிறது.

'ஏற்றம்' உயர்வையும் குறிக்குமே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் சரக்கேற்றம் என்றால் யாரும் சரக்கு உயர்ந்துவிட்டதாக நினைப்பதில்லையே.

அப்புறம், வினைச்சொல்தான் உறுத்துகிறது. 'பாலியலேற்று' நாக்கில் இடறுகிறது. 'பாலியலேற்றம் செய்' போதுமா, வேறு வழி யாருக்காவது தோன்றுகிறதா?