உடற்பயிற்சியால் சிஆர்பி குறைந்ததா? தண்டுவடக் காயம்பட்டவர்கள் சொல்லுங்கள்

எனக்கு டி10, அதாவது முதுகில் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் பத்தாவது மட்டத்தில் அடி. தென்னையிலிருந்து விழுந்தது. சர்க்கரையும் கொழுப்பும் கட்டுக்குள் இருந்தும், டாக்டர் பேனாவால் வட்டம் போட்டது ஹெச்எஸ்-சிஆர்பியை. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடுதல் என்று கணக்கு. நம்மில் நிறையப் பேருக்குத் தாண்டித்தான் நிற்கிறது. காலில் தசை கரைகிறது, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது, அந்தக் கொழுப்பே அழற்சியைக் கிளப்பும் பொருட்களைச் சுரக்கிறது. பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் இதே கதைதான்.

பிசியோ தந்தது கையால் சுற்றும் சைக்கிள். வாரம் மூன்று நாள், தடவைக்கு அரை மணி நேரம். 2018இல் வந்த சர்வதேசப் பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது. மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச்சு வர வேண்டும். கூடவே ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னால் இழுப்பது. வீல்சேர் தள்ளித் தள்ளி முன்தோள்தான் உழைக்கிறது, பின்பக்கத்தை விட்டுவிட்டால் தோள்வலி வரும். நமக்குத் தோள்தானே காலும்!

சில மாதத்தில் எண் இறங்கியது. அப்புறம் ஒருமுறை ஒரேயடியாக எகிறியது. பயிற்சியும் சாப்பாடும் அப்படியேதான் இருந்தன. குஷன் உறையைத் துவைக்க எடுத்த அம்மாதான் அதில் ஈரக்கறையைப் பார்த்தார். உட்காரும் எலும்புக்கு நேரே தோல் கிழிந்திருந்தது, எனக்கு உணர்ச்சியே இல்லை. புண் ஆறிய பிறகுதான் சிஆர்பியும் இறங்கியது. பெட் சோரோ மூத்திரத் தொற்றோ இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்துப் பயிற்சிக்கு மார்க் போடுவது வீண் வேலை என்பது என் கட்சி. உங்களுக்கு எப்படி?

---

அண்ணா, என் கணவருக்கு சி6, கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்தில் அடி. உங்கள் கணக்கு எங்களுக்கு அப்படியே பொருந்தவில்லை. எவ்வளவு சுற்றினாலும் அவருக்கு நாடித்துடிப்பு 120ஐத் தொடுவதே அபூர்வம். இதயத்தை விரட்டும் நரம்புகளுக்கு மூளையின் கட்டளை போவதில்லையாம். வாட்ச்சைப் பார்த்து "இன்னும் வேகமா" என்று சொல்லும் ஆட்களை நாங்கள் பக்கத்தில் விடுவதில்லை. வியர்வையும் வராது. சித்திரையில் விடியற்காலையில்தான் பயிற்சி, கழுத்தில் ஈரத்துண்டு, கையில் தண்ணீர் ஸ்பிரே.

ஒருநாள் நடுவில் தலை வெடிக்கிற மாதிரி வலி, முகமெல்லாம் சிவப்பு, பிபி எங்கேயோ போய்விட்டது. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமானதைத் தளர்த்திவிட்டுப் பார்த்தால், மூத்திரம் வடியும் கதீட்டர் குழாய் தொடைக்கடியில் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் பிபி இறங்கியது. டி6இலோ அதற்கு மேலோ அடிபட்டவர்கள் வீட்டில் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

சிஆர்பி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றும்போது முழங்கையைப் பூட்டி அவரே பாதி பாரத்தைத் தாங்குகிறார். என் இடுப்பு பிழைத்தது!

---

நான் பிசியோ. அக்கா சொன்னதில் விஷயம் இருக்கிறது. உழைக்கும் தசை ஐஎல்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடும். அழற்சியின்போது கூடுகிற அதே பொருள்தான், ஆனால் பயிற்சியில் தசையிலிருந்து வரும்போது அழற்சியை அடக்கும் மற்ற பொருட்களைத் தூண்டிவிடுகிறது. ஜப்பானில் கை சைக்கிள் சுற்றவைத்துப் பார்த்ததில், மார்புப் பகுதித் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு ஐஎல்-6 கூடியது, கழுத்தில் அடிபட்டவர்களுக்குக் கூடவில்லை. வேலை செய்யும் தசை குறைவு, அட்ரினலினும் எழும்புவதில்லை. அதனால் சி6காரர் டி10காரரின் எண்ணோடு போட்டி போட வேண்டாம். சிலருக்கு மின்தூண்டல் கொடுத்துக் கால் தசையையும் சைக்கிளில் சேர்ப்போம். எலும்பு பலம் பார்த்துத்தான் அதற்குச் சரி சொல்வோம்.

சிஆர்பி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் கடுமையாகப் பயிற்சி செய்த மறுநாள் கொடுக்காதீர்கள். மூத்திரம் கலங்கலாகவோ நாற்றமாகவோ இருந்தால் முதலில் அதைக் காட்டுங்கள்.