100 கிலோ முந்திரிகைப்பழத்திலை (திராட்சையிலை) 5 லீற்றர் விதை எண்ணெயோ?

உரும்பிராயான்:
வைன் பிழிஞ்ச கோதை எறியாதையுங்கோ, 100 கிலோ முந்திரிகைப்பழத்துக்கு 5 லீற்றர் விதை எண்ணெய் எடுக்கலாம் எண்டு செக்கடி அண்ணை நேற்று எழுதியிருக்கிறார். வாசிக்க விசராக்கிடக்கு. பந்தல் வைச்சிருக்கிற சனம் நம்பிக் காசைக் கொட்டப்போகுது. 100 கிலோ பழத்துக்கு ஈரக்கோது 20, 25 கிலோ வரும். அதுக்குள்ளை தோல்தான் கூட. விதையைப் பிரிச்சுக் காயவிட்டால் 3 கிலோ, மிஞ்சினால் 4. அதிலை எண்ணெய் நூற்றுக்கு 10இலை இருந்து 16 வரைதான். அரைப் போத்தல் கண்டாலே பெரிசு.

செக்கடி:
தம்பி, எங்கடை அப்பப்பா காலத்திலை இருந்து செக்கு ஓடின வீடு. எண்ணெய்க் கணக்கு நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம். 5 லீற்றர் வரும்.

உரும்பிராயான்:
எள்ளிலை பாதி எண்ணெய். அந்தக் கணக்கை இதுக்குப் போடாதையுங்கோ. முந்திரிகை விதை கல்லு மாதிரி வைரம், மரச்செக்குக்கு மசியாது, திருகு மெசின் வேணும். அதிலையும் கொஞ்சம் பிண்ணாக்கோடை போயிடும்.

ரொரன்ரோ மைந்தன்:
ஏன் எண்ணெயிலையே நிக்கிறியள்? இத்தாலிக்காரன் அந்தக் கோதை வடிச்சுக் கிராப்பா எண்ட சாராயமாக்கி நல்ல விலைக்கு விக்கிறான்.

கொண்டாவில் அக்கா:
அங்கை இருந்து சொல்லலாம் தம்பி. இங்கை லைசென்ஸ் இல்லாமல் வடிச்சால் அது கசிப்புக் கேஸ். தோலைக் காயவைச்சு மாவாக்கினால் பிஸ்கட்டுக்குச் சேர்க்கலாம். சாயமும் இறங்கும். எங்கடை சுண்ணாம்புக் கிணத்துத் தண்ணி பட்டால் சிவப்பு நீலம்பாரிக்கும், தேசிப்புளி விட்டால் திரும்பும்.

ரொரன்ரோ மைந்தன்:
வெளிநாட்டுக்காரன் காசு மட்டும் அனுப்பவேணும், கதைக்கக்கூடாது என்ன?

செக்கடி:
சாயத்தை விடு பிள்ளை. இஸ்ரேல் புளூ இன முந்திரிகைப்பழமெண்டால் 5 லீற்றர் வரும்.

உரும்பிராயான்:
எந்தப் பழமெண்டாலும் வராது. 5 லீற்றருக்குக் காய்ஞ்ச விதை 30, 40 கிலோ வேணும். 1000 கிலோ பழம் பிழியவேணும் அண்ணை! இங்கை ஆர் அவ்வளவு பிழியிறது? தோலகட்டி ஆச்சிரமம் மாதிரி ஒழுங்கா வைன் செய்யிற இடமெண்டால் யோசிக்கலாம், வீட்டுப் பந்தலுக்குச் சரிவராது.

ஆட்டுப்பட்டி:
நான் அந்தக் கோதை ஆட்டுக்கு வைச்சனான், நல்லாத் தின்னுது. எண்ணெயும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்.

உரும்பிராயான்:
கனக்க வைக்காதையுங்கோ. அதிலை கயர் கூட, தீனியிலை இருக்கிற புரதத்தை உடம்பிலை சேரவிடாது. மற்றத் தீனியோடை கலந்து வையுங்கோ. பச்சைக் கோதைப் பந்தலடியிலையும் கொட்டாதையுங்கோ, புளிப்பு, வேருக்குக் கூடாது. மாட்டெருவோடை மக்கவிட்டால் அருமையான பசளை.

ஆட்டுப்பட்டி:
என்ரை ஆட்டை எனக்குத் தெரியும். போன வருஷம் வெங்காயக் கதையிலையும் நீர் இப்பிடித்தான் எல்லாருக்கும் வாத்தியாராய் நிண்டனீர்.

செக்கடி:
அதுதானே! 5 லீற்றர்.

உரும்பிராயான்:
வெங்காயத்தை ஏன் இழுக்கிறியள்? அண்ணை, 100 கிலோ பழத்திலை உங்களுக்கு எத்தினை கிலோ விதை வந்தது? அதை மட்டும் சொல்லுங்கோ.